பத்தாம் நாள் இரவு யார் பக்கத்தில்? கீமோ ஏற்றிய அம்மாவை வைத்துப் பார்க்க நான்கு வழிகள்

அம்மாவுக்கு 72 வயது. பெருங்குடலில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். நிணநீர் முடிச்சுகள் இரண்டில் புற்றணுக்கள் இருந்ததால் மூன்றாம் நிலை என்றார்கள், கீமோ வேண்டும் என்றார்கள். வீடு கோவில்பட்டியில். சிகிச்சை மதுரையில், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி. அப்பாவுக்கு 78. நான் சென்னையில், அண்ணன் பெங்களூரில். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அம்மாவுக்குப் பல ஆண்டுத் துணை.

மருந்து எது, எவ்வளவு என்பதையெல்லாம் மருத்துவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் கையில் விடப்பட்டது ஒன்றுதான்: மருந்து ஏற்றிய பிறகு வரும் நாட்களில் அம்மா எங்கே, யாரோடு இருப்பது? நான்கு வழிகள் தென்பட்டன. கோவில்பட்டி வீட்டிலேயே அப்பாவோடு இருப்பது. அதே வீட்டில் ஏஜென்சி மூலம் ஓர் ஆளை வைத்துக்கொள்வது. மதுரையில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை பிடிப்பது. சிகிச்சையையே சென்னைக்கு மாற்றி என் வீட்டுக்கு அழைத்துவருவது. முதல் மூன்றையும் பட்டுப் பார்த்தோம். நான்காவதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு விட்டோம்.

குடும்பம் முழுவதும் கேட்ட கேள்வி, "அம்மாவுக்கு எங்கே வசதியாக இருக்கும்?" என்பது. நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு சுற்று முடிந்த பிறகுதான் கேட்க வேண்டியது வேறொன்று என்று தெரிந்தது. பத்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அம்மாவுக்கு ஏதாவது ஆனால், அதைப் பார்த்துப் புரிந்துகொள்ள யார் இருப்பார்கள், அங்கிருந்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இருபத்தொரு நாளும் ஒரே மாதிரி இல்லை

ஏன் பத்தாம் நாள் என்று சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கொடுத்தது இரண்டு மருந்து. முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின், மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் டிரிப்பாக ஏறும். அன்றிலிருந்து கேப்சிடபின் மாத்திரை, காலையும் இரவும், 14 நாட்கள். பிறகு ஏழு நாள் ஓய்வு. இது ஒரு சுற்று. எங்களுக்கு நான்கு சுற்று, அதாவது மூன்று மாதம். முன்பெல்லாம் ஆறு மாதம் கொடுப்பது வழக்கம். 2018இல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு, ஆபத்து குறைந்த மூன்றாம் நிலை நோயாளிகளுக்கு இந்த மருந்துக் கூட்டில் மூன்று மாதமே ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது என்றும், நரம்பு பாதிப்பு வெகுவாகக் குறைகிறது என்றும் காட்டியது. அம்மா அந்த வகைக்குள் வந்தார். வயதானவருக்குக் கீமோ எழுதிக் கொடுத்தால் "எத்தனை மாதம், குறைக்க இடம் உண்டா?" என்று கேட்பதில் தவறில்லை.

முதல் ஐந்து நாள் வாந்தி, குமட்டல், குளிர்ந்த எதைத் தொட்டாலும் சுரீர் என்பது. கூடவே, வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனால் சர்க்கரை இரண்டு மூன்று நாள் ஏறி நிற்கும். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்து கிடக்கும் காலம். வாய்ப்புண், பேதி எல்லாம் எங்களுக்கு அப்போதுதான் வந்தன. பதினைந்தாம் நாளுக்கு மேல் அம்மா சாத்தூர் காரச்சேவு கேட்பார். அவர் கேட்கத் தொடங்கினால் மூன்றாம் வாரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆபத்தெல்லாம் நடுவில் உள்ள இரண்டாம் வாரத்தில் குவிந்திருக்கிறது. நாங்களோ 21 நாளுக்கும் சேர்த்து ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

மாத்திரையைப் பற்றி ஒரு சொல். இதே நோய்க்கு இன்னொரு முறையும் உண்டு. காறையெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், மருந்தேற்ற ஒரு போர்ட் வைத்து, 46 மணி நேரம் பம்பில் மருந்து ஏற்றுவது. அதை 14 நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும், பம்பைக் கழற்ற மறுபடி போக வேண்டும். 100 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர்களுக்கு மாத்திரையே எளிது என்று தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. ஆனால் பம்பில் ஏறும் மருந்தை நர்ஸ் பார்த்து நிறுத்துவார். மாத்திரையை நிறுத்த வேண்டியவர் வீட்டில் இருப்பவர். பேதி வழக்கத்தைவிட நாலு முறை கூடினாலோ, இரவில் எழுப்பினாலோ, வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் போனாலோ, அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். விட்டுப்போன மாத்திரையை அடுத்த வேளையோடு சேர்த்துப் போடவும் கூடாது. "மருந்தைப் பாதியில் நிறுத்தாதே" என்று 50 ஆண்டுகளாகச் சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறை இது. பேதியோடு பேதியாக மாத்திரையையும் விழுங்கிவிடுவார்கள்.

முதல் வழி: சொந்த வீடு, அப்பா மட்டும்

செலவு இல்லை. அம்மாவின் சமையலறை, அம்மாவின் கட்டில், எதிர்வீட்டு அத்தையின் குரல். இருட்டிலும் கழிப்பறைக்கு வழி தெரியும். வயதானவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. உடம்பு நலிந்திருக்கும்போது புது இடத்தில் எழுந்தால் திசை தெரியாமல் விழுந்துவிடுவார்கள், சிலருக்குப் புத்தியே கலங்கும்.

இரண்டாம் நாள் காலை அம்மா வழக்கம்போலப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தார். கோவில்பட்டி வெயிலுக்குப் பானைத் தண்ணீர் அமிர்தம். ஒரு மிடறுதான். தொண்டையை யாரோ பிடித்து நெரிப்பது போல இருந்ததாம். டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, மூச்சு நின்றுவிட்டது என்று சைகை காட்டியிருக்கிறார். அப்பா பதறிப்போய் முதுகைத் தட்டினார். உண்மையில் மூச்சு நிற்கவில்லை. ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குத் தொண்டை நரம்புகள் குளிர்ச்சியைத் தாங்காது, அப்படித் தோன்றும். வெதுவெதுப்பாக நாலு வாய் குடித்ததும் சரியாயிற்று. குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பதும், விடியற்காலையில் எவர்சில்வர் குடத்தைத் தொடுவதும் அதே கதைதான். விரல்களில் மின்சாரம் பாய்வது போல இருக்கும் என்பார். மருத்துவமனையில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் ஐஸ் தண்ணீர் என்றால் அம்மாவுக்கு ஐஸ் தண்ணீர்தான், பானைத் தண்ணீர் அதில் சேர்த்தி இல்லை. அன்று மாலையே பானையைக் கவிழ்த்து வைத்து, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்தோம்.

இது வரைக்கும் முதல் வழி தாங்கியது. பத்தாம் நாள் தாங்கவில்லை.

அன்று பகலில் அம்மாவுக்கு ஐந்து முறை போயிருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை, வெட்கம், கூடவே "அவரை ஏன் கலவரப்படுத்த வேண்டும்?" என்ற எண்ணம். காலையில் வழக்கமான பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும்போது அந்த மாத்திரை அழுத்தத்தை இன்னும் இறக்கும். இரவு இரண்டு மணிக்கு எழுந்தவர் குளியலறை வாசலில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். அப்பா தொட்டுப் பார்த்தார், உடம்பு லேசாகச் சுட்டது போல இருந்தது, உடனே ஒரு பாராசிட்டமால் கொடுத்தார். தெர்மாமீட்டரைப் பீரோவில் தேடி எடுத்து வைத்தபோது மணி மூன்று. 99.2. "காய்ச்சல் இல்லை" என்று எனக்குப் போனில் சொன்னார். பின்னணியில் அம்மா, "பால்காரர் வந்துவிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அதே கேள்வி.

அந்தக் கேள்விதான் அறிகுறி. கீமோவில் இருப்பவருக்கு 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அவசரம், மருத்துவமனைக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது விதி. ஆனால் வயதான உடம்பு பல நேரம் காய்ச்சலை முழுதாகக் காட்டாது. உளறல், அளவுக்கு மீறிய தூக்கம், திடீர்த் தளர்ச்சி மட்டுமே வெளியே தெரியலாம். போதாததற்கு, அளந்து பார்க்குமுன் கொடுத்த பாராசிட்டமால் இருந்த காய்ச்சலையும் மறைத்துவிட்டது. 108ஐ அழைத்து உள்ளூரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு போனார் அப்பா. இரவுப் பணியில் இருந்தவர் சாதாரண பேதி என்று டிரிப் போடத் தொடங்கினார். கீமோ ஃபைல் வீட்டில், பீரோவின் மேல். அப்பாவுக்கு மருந்தின் பெயர் சொல்லத் தெரியவில்லை. நான் சென்னையிலிருந்து வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பி, மதுரை மருத்துவரைப் போனில் பிடித்துக் கொடுத்து, முதல் ஆன்டிபயாடிக் ஏறும்போது விடிந்துவிட்டது.

அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 78 வயதில் இரவெல்லாம் விழித்து, எண்ணி, அளந்து, முடிவெடுத்து, தூக்கி நிறுத்தச் சொன்னால் யாரால் முடியும்? கவனிப்பவரும் முதியவராக இருக்கும் வீட்டில், முதல் வழி பகலுக்கு மட்டும்தான்.

இரண்டாம் வழி: அதே வீடு, ஏஜென்சி ஆள்

அடுத்த சுற்றுக்கு முன் மருத்துவர் கேப்சிடபின் அளவைக் குறைத்தார். சிறுநீரகப் பரிசோதனையையும் மறுபடி பார்த்தார். சிறுநீரகத்தின் வேகம் குறைந்த வயதானவர்களுக்கு இந்த மாத்திரையின் அளவைக் குறைத்தாக வேண்டும். "குறைத்தால் பலன் போய்விடுமோ?" என்று அண்ணனுக்குக் கவலை. 70 வயதைத் தாண்டிய, நோய் முற்றிய 718 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நடை, ஞாபகம், சாப்பிடும் மற்ற மாத்திரைகள், வீட்டில் துணை என்று முதுமையை முழுதாக எடைபோட்டு அதை மருத்துவர் கையில் கொடுத்த குழுவில், கடுமையான பக்கவிளைவு 71 சதவீதத்திலிருந்து 51 ஆக இறங்கியது. கீழே விழுந்தவர்களும் குறைந்தார்கள். அந்தக் குழுவில் பலருக்குத் தொடக்கத்திலேயே அளவைக் குறைத்திருந்தும் ஆயுள் குறையவில்லை. அம்மாவின் நோய் வேறு நிலை, ஆனாலும் அண்ணன் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஆள் வந்தார். ஏஜென்சி "நர்ஸ்" என்றது. வந்தவர் சில மாதம் பயிற்சி பெற்ற உதவியாளர். இது ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை, நம் ஊரில் வீட்டுக்கு வந்து பார்ப்பவர் எல்லாரையும் நர்ஸ் என்றே அழைக்கிறோம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவரா, உதவியாளரா? ஊசி போட, டிரிப் கழற்றப் பதிவு பெற்ற செவிலியர் வேண்டும். குளிப்பாட்ட, பிடித்து நடத்த, இரவில் விழித்திருக்க உதவியாளர் போதும், சம்பளமும் குறைவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கீமோவுக்கு உதவும். வீட்டு ஆளின் சம்பளம் நம் கையிலிருந்துதான்.

வந்த பெண் கெட்டிக்காரி. அம்மாவின் உள்ளங்கை சிவந்து பளபளப்பதை எங்களில் யாருக்கும் முன்னால் கண்டவர் அவர்தான். கேப்சிடபின் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைக்கும், முற்றினால் தோல் வெடித்து நடக்கவே முடியாது. டெல்லி எய்ம்ஸில் 264 பேரிடம் நடத்திய ஆய்வொன்றில், டைக்ளோஃபினாக் ஜெல்லைத் தடவிவந்தவர்களில் 3.8 சதவீதம் பேருக்கே இந்தத் தொல்லை சொல்லத்தக்க அளவுக்கு வந்தது, மருந்தில்லாத வெறும் ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம். முட்டிவலிக்குத் தடவும் அதே ஜெல்தான். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கினோம். வாசலில் வெறுங்காலோடு கோலம் போடுவதும், வெந்நீரில் பாத்திரம் விளக்குவதும் நின்றன. கோலம் நின்றதுதான் அம்மாவுக்கு வருத்தம்.

ஆனால் அந்தப் பெண் மாத்திரையை வெறுங்கையால் எடுத்துக் கொடுத்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. இது கீமோ மாத்திரை. மற்றவர் கையுறை போட்டோ, மூடியில் கொட்டியோ கொடுக்க வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. டிரிப் ஏற்றிய இரண்டு நாளைக்குக் கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்றுவதும், வாந்தி பட்ட துணியைக் கையுறையோடு எடுத்துத் தனியே துவைப்பதும் அப்படித்தான். ஒன்பதாம் நாள் அவர் பாட்டி இறந்து ஊருக்குப் போய்விட, மாற்று ஆள் வந்தார். அவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னோம். அதுவும் பத்தாம் நாள்!

என் கணிப்பு: ஏஜென்சி ஆள் அப்பாவின் தூக்கத்துக்குச் சரியான மாற்று. அது பெரிய காரியம்தான். மருத்துவமனைத் தூரத்துக்கு அவர் மாற்று ஆக மாட்டார். இரண்டாவது சுற்று நல்லபடியாகப் போனது, அளவு குறைந்ததால் பாதி, அதிர்ஷ்டத்தால் பாதி. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன, நோய்த் தணிப்புச் செவிலியரும் வருவதுண்டு. அந்த அக்கா ஒருநாள் வந்து வாயைப் பார்த்து, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து நாலைந்து முறை கொப்பளிக்கச் சொல்லிவிட்டுப் போனார். கடையில் விற்கும் எரிச்சலூட்டும் மவுத்வாஷ் பாட்டிலை அவரே எடுத்து அலமாரிக்குள் வைத்தார். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவரை எதிர்பார்க்க முடியாது.

சென்னை: கணக்கிலேயே தோற்ற வழி

உறவினர்கள் பாதிப் பேர் இதைத்தான் சொன்னார்கள். "பெண் வீட்டில் இருப்பதை விட்டுவிட்டு..." என்று ஒரு பெரியம்மா. அடையாறில் 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் நிலையம் முதல் பெரிய பெரிய மருத்துவமனைகள் வரை எல்லாம் அங்கே இருக்கின்றன. அதை யாரும் மறுக்கவில்லை.

நடுவில் மருத்துவமனையை மாற்றினால் ஃபைலைப் புதிதாகத் திறக்க வேண்டும், ஸ்கேன்களை மறுபடி பார்ப்பார்கள், வாரங்கள் ஓடும். என் வீடு நாலாவது மாடி. நானும் கணவரும் காலை ஒன்பதுக்குப் போனால் மாலை ஏழுக்கு வருகிறவர்கள். அம்மா பகல் முழுக்கத் தனியே, அதுவும் ஏசி அறையில். கோவில்பட்டியிலோ பானைத் தண்ணீரே தொண்டையை நெரித்தது! சென்னையில் தூரம் கிலோமீட்டரில் இல்லை, மாலை ஆறு மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் ஒரு மணி நேரம் பிடிக்கும். பகலில் வீட்டில் ஒருவர் இருந்தால், அல்லது சிகிச்சை தொடங்கும் முன்பே முடிவெடுத்தால், அல்லது இதய நோய் போன்ற சிக்கலால் பெரிய மருத்துவமனை கட்டாயம் என்றால், இந்த வழிதான் முதலில் வர வேண்டும். எங்களுக்கு மூன்றும் இல்லை. பெரியம்மாவுக்கு இன்னும் கோபம்.

மதுரை அறை, எட்டு நாளுக்கு மட்டும்

மூன்றாம் சுற்றுக்கு முன்பு காலண்டரை எடுத்து வைத்து உட்கார்ந்தோம். 21 நாளும் மதுரையில் தங்கினால் அம்மா வாடிப்போவார்; வெளிச் சாப்பாடு, தெரியாத சுவர்கள், அப்பாவுக்குப் பேச ஆளில்லை. ஆனால் ஏழு முதல் பதினான்கு வரை? அந்த எட்டு நாளுக்கு மட்டும் மருத்துவமனையிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடத்தில் இருந்தால் போதும்.

எட்டு நாளுக்கு யார் அறை கொடுப்பார்கள், மாத வாடகைதானே கேட்பார்கள் என்று அண்ணன் சொன்னார். அப்போதுதான் அந்தக் கணக்கு கண்ணில் பட்டது. மூன்றாம் சுற்றின் ஏழாம் நாளிலிருந்து எண்ணினால், நான்காம் சுற்றின் பதினான்காம் நாள் 29ஆவது நாள். ஒரே மாத வாடகையில் இரண்டு ஆபத்தான வாரங்களும் அடங்கிவிட்டன, நடுவில் மருந்தேற்றும் நாளும் உட்பட. நடுவில் ஊருக்குப் போனபோது பாத்திரங்களையும் ஸ்டவ்வையும் அங்கேயே பூட்டிவைத்துவிட்டுப் போனோம்.

அறை பார்க்கும்போது நாங்கள் கேட்டவை: தரைத்தளமா, மேற்கத்தியக் கழிப்பறையா, கஞ்சி வைக்க ஒரு மேடை உண்டா, இரவில் ஆட்டோ கிடைக்குமா. மருத்துவமனைகளைச் சுற்றி இப்படி அறை விடுபவர்கள் இருக்கிறார்கள், நோயாளிக்கென்று அறக்கட்டளை விடுதிகளும் சில ஊர்களில் உண்டு. மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் கேட்டால் தரகரைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார். ரயிலுக்கு ஒரு படிவம் கொடுப்பார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டால் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் ஏசி மூன்றடுக்கிலும் கட்டணம் கிடையாது, உடன் செல்பவருக்கு 75 சதவீதம் குறைவு. முதல் இரண்டு சுற்றுக்கும் முழுக் காசு கொடுத்துப் போனோம், யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் காலை ரயிலேறி நேரே இரத்தப் பரிசோதனை, பிறகு அறை. மதினி முதல் நான்கு நாள், நான் அடுத்த நான்கு நாள். அப்பா ஊரில் தூங்கினார். மூன்று மாதத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார்.

பழைய சோறு அந்த எட்டு நாளும் இல்லை. வெள்ளை அணுக்கள் குறைந்த நேரத்தில் இரவெல்லாம் ஊறிய எதுவும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். புதிதாக வடித்த சோறு, உப்புப் போட்ட கஞ்சி, நன்றாக வெந்த பருப்பு. பேதி எட்டிப்பார்த்த அன்று ஓ.ஆர்.எஸ் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அம்மா முகம் சுளிக்கச் சுளிக்க, வாய் வாயாகக் கொடுத்தோம். உறவினர் ஒருவர் கொண்டுவந்த சத்து மாத்திரையை அட்டையோடு மருத்துவரிடம் காட்டினோம். அதில் ஃபோலிக் அமிலம் இருந்தது. கேப்சிடபினோடு சேர்ந்தால் பக்கவிளைவு கடுமையாகும் என்று நிறுத்தச் சொன்னார். சத்து மாத்திரைதானே என்று கொடுத்திருப்போம்.

எந்த வழியைப் பிடித்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு 40 பக்க நோட்டு. காலை, மாலை காய்ச்சல், எத்தனை முறை போயிற்று, எத்தனை டம்ளர் குடித்தார், பிரஷர், வாய், உள்ளங்கை. முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், மருத்துவமனையின் இரவு எண், "பேதியோ வாந்தியோ என்றால் இந்த பிரஷர் மாத்திரையும் இந்த சர்க்கரை மாத்திரையும் வேண்டாம்" என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிய வரி. ஒவ்வொரு மாலையும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து மருத்துவமனைச் செவிலியருக்கு அனுப்பினோம். இதற்கு ஏதோ பெரிய மதிப்பா என்று கேட்பவர்களுக்கு: நியூயார்க்கில் 766 புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், தங்கள் தொல்லைகளைத் தாங்களே தவறாமல் பதிந்து செவிலியருக்குத் தெரிவித்தவர்கள் சராசரியாக 31 மாதமும் மற்றவர்கள் 26 மாதமும் வாழ்ந்தார்கள். புது மருந்து எதுவும் சேர்க்காமல். கணினி பழக்கமில்லாதவர்களுக்குத்தான் பலன் அதிகம் தெரிந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

நான்காம் சுற்றின் பதினொன்றாம் நாள், மாலை ஐந்து மணிக்கு 100.6. பாராசிட்டமால் கொடுக்கவில்லை. ஃபைல் பையிலேயே இருந்தது. அறையைப் பூட்டி, ஆட்டோ பிடித்து, இரத்தம் எடுத்து, ஊசி ஏறியபோது மணி ஆறு ஆகவில்லை. மூன்று நாள் வார்டில் இருந்தார். பால்காரரை விசாரிக்கவே இல்லை.

கீமோ முடிந்துவிட்டது. கால்விரல்களில் மரத்துப்போன உணர்வு மட்டும் இருக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டின் நிறுத்திய பிறகும் சில மாதம் அது கூடிவிட்டுத்தான் குறையும் என்றார்கள். வெறுங்காலில் தரை தெரியவில்லை என்கிறார் அம்மா. போன ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துக் குளியலறைச் சுவரில் இரண்டு கைப்பிடி பொருத்தினோம். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் ஓர் இரவு விளக்கு. அப்பா இரண்டு கைப்பிடியையும் தொங்கிப் பார்த்துவிட்டு, மூன்றாவதாகப் படியருகே ஒன்று வேண்டும் என்றார், தனக்காக.